மிச்சமிருக்கும் ஐந்து விதைகளை என்ன செய்வது?

கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான். அரிய மிளகாய் ரகம் ஒன்றின் விதைகள் பன்னிரண்டு உங்கள் கைக்கு வந்தன. அதில் ஏழு விதைகளை எடுத்து ஈர டிஷ்யூ பேப்பரில் சுற்றி டப்பாவில் மூடி வைத்தீர்கள். மூன்று அழுகின. இரண்டு முளைவிட்டன, ஆனால் வெள்ளையாகப் பூசணம் பிடித்துவிட்டது என்று தூக்கிப் போட்டீர்கள். மற்ற இரண்டும் அழகாக முளைத்து, மண்ணுக்கு மாற்றிய நான்காம் நாள் சாய்ந்து செத்துப் போயின. மிச்சம் ஐந்து. "இவற்றை எப்படி முளைக்க வைப்பது, என்ன மருந்து போட வேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஆனால் ஏழில் நான்கு முளைத்திருக்கின்றனவே. பாதிக்கு மேல். முளைக்க வைக்க உங்களுக்குத் தெரிகிறது. முளைத்த நான்கும் ஏன் கையை விட்டுப் போயின என்பதுதான் இதில் உண்மையான கேள்வி. விதைப் பரிசோதனைக் கூடத்தில் 18 வருடம் வேலை பார்த்தவன் நான். நூறு நூறாக விதைகளை ஈரத்தாளில் அடுக்கி, முளைத்தது, முளைக்காதது, முளைத்தும் உருப்படாதது என்று எண்ணி எழுதுவதுதான் பிழைப்பாக இருந்தது. மிளகாய், தக்காளி, கத்தரி என்றால் தைரியமாகப் பேசுவேன். காட்டு மர விதை, ஆர்க்கிட் விதை என்றால் வேறு ஆளைக் கேளுங்கள்.

முதலில் அழுகிய மூன்று. காய்ந்த விதையை ஈரத்தில் வைத்தால் அது தண்ணீரை உறிஞ்சி உப்பும். இது உயிரின் வேலை அல்ல. செத்த விதையும் அதே போல் உப்பும், காய்ந்த மரக்கட்டை தண்ணீர் குடித்துப் பருப்பது போல. ஆகவே மறுநாள் விதை பருத்திருப்பதைப் பார்த்துச் சந்தோஷப்பட ஒன்றுமில்லை. உப்பல் நின்றபின் சில நாள் வெளியே எந்த மாற்றமும் தெரியாது. உள்ளே வேலை நடப்பது அப்போதுதான். விதை மூச்சு விடுகிறது, சேமித்து வைத்த மாவையும் எண்ணெயையும் உடைத்துச் செலவழிக்கிறது. இதற்குக் காற்று வேண்டும். நாம் தப்புப் பண்ணுவது இந்த இடத்தில்தான். காற்றில் ஆக்சிஜன் பரவும் வேகத்தோடு ஒப்பிட்டால் தண்ணீரில் அது சுமார் 10,000 மடங்கு மெதுவாகத்தான் பரவும். விதையைச் சுற்றி மெல்லிய ஒரு படலமாகத் தண்ணீர் நின்றாலே போதும், அதற்கு மூச்சு முட்டும். நெல் தண்ணீருக்குள்ளேயே முளை நீட்டும் என்று யாராவது சொல்வார்கள். அது நெல்லின் தனித்திறமை. மிளகாய்க்கு அது கிடையாது.

அப்படியானால் ஈரம் எவ்வளவு? தாளை நனைத்துப் பிழியுங்கள், சொட்டுவது நிற்கும்வரை. பிறகு மடித்து வைத்து விரலால் அழுத்திப் பாருங்கள். விரலைச் சுற்றி பளபளவென்று தண்ணீர் வளையம் கட்டினால் ஈரம் அதிகம். விரலை எடுக்கும்போது தோல் லேசாகக் குளிர்ந்து, ஆனால் நனையாமல் இருந்தால் சரி. முதல் இரண்டு மூன்று வாரம் புதியவர்களுக்கு நாங்கள் சொல்லிக் கொடுத்ததே இந்த ஒன்றைத்தான். டப்பாவை முழுக்க நிரப்பாதீர்கள், தாளுக்கு மேல் வெற்றிடம் இருக்கட்டும். இரண்டு நாளுக்கு ஒரு தடவை திறந்து ஒரு நிமிடம் விட்டு மூடினால் போதும். மணிக்கொரு தரம் திறந்து பார்ப்பதால் விதைக்கு ஒரு பயனும் இல்லை, தாள்தான் காயும்.

இன்னொரு விஷயமும் சொல்ல வேண்டும். அந்த மூன்றும் அழுகியதால் செத்தனவா, செத்திருந்ததால் அழுகினவா? இப்போது யாராலும் சொல்ல முடியாது. வயதான விதையில் செல்களின் சவ்வு தளர்ந்திருக்கும். தண்ணீர் பட்டதும் உள்ளேயிருக்கும் சர்க்கரையும் உப்பும் வெளியே கசியும். பட்டாணி விதை ஊறிய தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு கடக்கிறது என்று அளந்து அதன் வீரியத்தைக் கணிக்கும் பரிசோதனையே உண்டு. கசிவு கூடினால் வீரியம் குறைவு. அந்தச் சர்க்கரை பூசணத்துக்கு விருந்து. அதனால் அழுகல் பல நேரம் சாவுக்குப் பின்னால்தான் வருகிறது. ஏழில் மூன்று தொடக்கத்திலேயே செத்த விதைகளாக இருந்திருக்கலாம். உங்கள் தண்ணீர் கொன்றிருக்கவும் வாய்ப்பு உண்டு. என் ஊகம், இரண்டும் கொஞ்சம் கொஞ்சம். எப்படியோ, அழுகியதை உடனே எடுத்துவிடுங்கள். நல்ல விதைகளுக்கு இடையே இரண்டு சென்டிமீட்டராவது இடைவெளி இருக்கட்டும்.

இந்த இடத்தில் மிதக்கும் சோதனை பற்றிக் கேட்பீர்கள். தண்ணீரில் போட்டு, மிதப்பவற்றைப் பதர் என்று கழிப்பது. நெல்லுக்கு உப்புக் கரைசலில் செய்தால் அது பயன்படும், ஏனென்றால் பால் பிடிக்காத மணி எடை குறைவு. மிளகாய் விதை தட்டையானது, லேசானது, ஓரங்களில் காற்று ஒட்டிக்கொள்ளும். உயிருள்ளதும் மிதக்கும், செத்ததும் மூழ்கும். ஐந்தே விதை வைத்திருப்பவர் இந்தச் சோதனையை நம்பி ஒன்றையும் கழிக்காதீர்கள். முன்கூட்டி ஊறவைப்பது உங்கள் விருப்பம். எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் மிளகாயை ஒன்றும் செய்யாது, முளைப்பு அரை நாளோ ஒரு நாளோ முந்தும். ஒரு நாளைத் தாண்ட வேண்டாம். பீன்ஸ், பட்டாணி போன்ற பருப்பு வகைகளில் இது நேர்மாறு: மிகவும் காய்ந்த விதை தண்ணீரை அவசரமாக உறிஞ்சினால் உள்ளே விரிசல் விட்டுப் பாழாகும். அவற்றை ஈரத்தாளில் மெதுவாக நனைய விடுவதுதான் நல்லது.

அடுத்தது சூடு. மிளகாய் விஷயத்தில் மற்ற எல்லாவற்றையும்விட இதற்குத்தான் நான் மதிப்பெண் கொடுப்பேன். 25 முதல் 30 டிகிரி செல்சியஸில் நல்ல விதை எட்டு நாள் வாக்கில் முளை காட்டும். 20 டிகிரியில் பன்னிரண்டு, பதிமூன்று நாள் ஆகும். 15 டிகிரியில் ஏறக்குறைய 25 நாள். 10 டிகிரியில் முளைப்பே கிடையாது. இது சாதாரண மிளகாய்க்கான கணக்கு; ஹபனேரோ மாதிரியான காரமான ரகங்கள் இன்னும் தாமதிக்கும், மூன்று நான்கு வாரம்கூட எடுக்கும். தாமதம் என்றால் விதை அத்தனை நாளும் ஈரத்தில் பூசணத்தோடு போராடிக்கொண்டு கிடக்கிறது என்று அர்த்தம். குளிரில் வைத்த விதை அழுகுவதற்குக் காரணம் பெரும்பாலும் குளிர் அல்ல, நாள் கணக்குதான். பரிசோதனைக் கூடத்தில் மிளகாய்க்கு எட்டு மணி நேரம் 30, பதினாறு மணி நேரம் 20 என்று மாற்றி மாற்றி வைப்போம். பகலும் இரவும் போல. வீட்டில் அவ்வளவு துல்லியம் தேவையில்லை, ஆனால் ஒரு சின்ன வெப்பமானியை டப்பாவுக்குள்ளேயே போட்டு வையுங்கள். ஃபிரிட்ஜ் மேல் சூடு, இன்டர்நெட் பெட்டி மேல் சூடு என்று சொல்பவர்கள் யாரும் அளந்து பார்த்ததில்லை. நான் ஒருமுறை அளந்தபோது ஒரு பெட்டியின் மேல் 41 டிகிரி இருந்தது. அது முளைப்பு அல்ல, வேக்காடு. ஜன்னல் வெயிலில் மூடிய டப்பா இன்னும் மோசம். (இதையே லெட்டூஸுக்குச் செய்துவிடாதீர்கள். அது 30 டிகிரியைத் தாண்டினால் பல ரகங்களில் உறங்கிவிடும், வெளிச்சமும் கேட்கும். மிளகாய் இருட்டிலும் முளைக்கும்.)

இப்போது நீங்கள் தூக்கிப் போட்ட அந்த இரண்டு. இதை எழுதும்போது கொஞ்சம் வருத்தமாகத்தான் இருக்கிறது. நீங்கள் "முளைவேரைச் சுற்றி வெள்ளைப் பஞ்சு மாதிரி" என்று எழுதியிருக்கிறீர்கள். முளைவேர் நான்கைந்து மில்லிமீட்டர் நீண்டதும், நுனியை விட்டுச் சற்று மேலே, பாட்டில் கழுவும் பிரஷ் போல ஒரு வளையமாக மெல்லிய வெள்ளை இழைகள் கிளம்பும். அவை வேர்த்தூவிகள். ஈரக் காற்றுள்ள டப்பாவில் அவை மிக அடர்த்தியாக வரும், பார்ப்பவர் பயப்படும் அளவுக்கு. பூசணம் வேறு மாதிரி இருக்கும். அது விதைத்தோலிலிருந்தோ தாளிலிருந்தோ கிளம்பி, ஒழுங்கில்லாமல் படர்ந்து, சிலந்தி வலை போல ஒரு விதையிலிருந்து அடுத்ததற்குத் தாவும். நாளானால் சாம்பல், பச்சை, கறுப்பு என்று நிறமேறும், வாடையும் அடிக்கும். வேர்த்தூவி வேரை விட்டு எங்கும் போகாது, வேரின் நுனி மட்டும் மொழுமொழுவென்று சுத்தமாக இருக்கும். சந்தேகமாக இருந்தால் ஸ்பிரே பாட்டிலால் ஒரு தடவை தண்ணீர் தெளியுங்கள். தூவிகள் வேரோடு ஒட்டிப் படிந்து கண்ணுக்கு மறைந்துவிடும், ஈரம் வடிந்ததும் திரும்ப எழும். பூசணம் திட்டுத்திட்டாக அப்படியே நிற்கும். உங்கள் இரண்டும் தூவியா பூசணமா என்று படம் பார்க்காமல் அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் "வேரைச் சுற்றி மட்டும், நுனியில் இல்லை" என்ற உங்கள் வர்ணனை தூவி என்றுதான் எனக்குச் சொல்கிறது. உண்மையான பூசணமாகவே இருந்தாலும், அது விதைத்தோலில் மட்டும் இருந்து வேர் வெள்ளையாக விறைப்பாக இருந்தால், அலசிப் புதிய தாளுக்கு மாற்றிப் பிழைக்க வைக்கலாம். வேர் பழுப்பாகி, தொட்டால் குழைந்தால்தான் கதை முடிந்தது.

முளைத்த விதையை மண்ணுக்கு மாற்றுவது அடுத்த கண்டம். முளைவேர் வெளிவரும்வரை விதைக்கு ஒரு வரம் உண்டு. நனைந்தபின் திரும்பக் காய்ந்தாலும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். வேர் வெளியே வந்ததும் அந்த வரம் பறிபோகிறது. அதன்பின் ஒருமுறை காய்ந்தால் காய்ந்ததுதான். ஆகவே மண்ணை முதலில் நனைத்துத் தயாராக வைத்துவிட்டுப் பிறகு டப்பாவைத் திறக்க வேண்டும். டப்பாவைத் திறந்து வைத்துவிட்டுக் கோகோபீட் (தென்னை நார்த்தூள்) தேடப் போகக் கூடாது. வேர் அரை சென்டிமீட்டர் இருக்கும்போதே மாற்றுங்கள், ஒரு சென்டிமீட்டருக்கு மேல் விடாதீர்கள். நீண்ட வேர் டிஷ்யூவின் இழைகளுக்குள் புகுந்துவிடும், பிரித்தால் நுனி ஒடியும். அப்படிப் புகுந்திருந்தால் பிய்க்கவே வேண்டாம், அந்தத் துண்டுத் தாளோடு வெட்டி எடுத்துத் தாளோடு நட்டுவிடுங்கள், அது மட்கிப் போகும். தூக்கும்போது வேரைத் தொடாமல் விதைத்தோலைப் பிடியுங்கள். விரலைவிட ஈரமான பல் குத்தும் குச்சியின் முனை நல்லது, விதை அதிலேயே ஒட்டிக்கொண்டு வரும். குழி ஒரு சென்டிமீட்டர் ஆழம் போதும். வேர் கீழ்நோக்கி இருந்தால் நல்லது, ஆனால் தவறிப் படுக்கையாக வைத்துவிட்டால் பதற வேண்டாம். வேர் நுனியில் இருக்கும் மாவு மணிகள் எந்தப் பக்கம் கீழே என்று கண்டுபிடித்துச் சில மணி நேரத்தில் திரும்பிக்கொள்ளும். ஆழம் மிகக் குறைவாக இருந்தால் வேறொரு தொல்லை: விதைத்தோலைக் கழற்றாமல் தொப்பி போலப் போட்டுக்கொண்டு நாற்று மேலே வரும். மண்ணோடு உரசித்தான் அது கழலும். அப்படி வந்தால் நகத்தால் பிடுங்காதீர்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு அரை மணி நேரம் ஊறவிட்டு, ஊசி முனையால் மெதுவாக நெம்பிப் பாருங்கள். கழலாவிட்டால் மறுநாள் திரும்பப் பாருங்கள்.

நான்காம் நாள் சாய்ந்த இரண்டுக்கும் காரணம் ஏறக்குறைய உறுதியாகச் சொல்வேன். மண் மட்டத்தில் தண்டு நூல் போல மெலிந்து, பழுப்பாகி, மேலே விதையிலைகள் இன்னும் பச்சையாக இருக்கும்போதே படுத்துவிட்டன என்று எழுதியிருக்கிறீர்கள். நாற்றழுகல். பித்தியம், ரைசோக்டோனியா போன்ற பூசண வகை நுண்ணுயிர்களின் வேலை. தண்டு மெலிந்த நாற்றை எதுவும் காப்பாற்றாது, எந்த மருந்தும். வருமுன் தடுப்பது மட்டும்தான். தோட்டத்து மண்ணையும் நன்றாக மட்காத உரத்தையும் நாற்றுக்குக் கொடுக்காதீர்கள். கழுவிய கோகோபீட் போன்ற சுத்தமான ஊடகம் போதும். பழைய குழித்தட்டு என்றால் சோப்புப் போட்டுக் கழுவிக் காயவையுங்கள். தண்ணீரை மேலே ஊற்றாமல் தட்டை ஆழமில்லாத தண்ணீரில் வைத்து அடியிலிருந்து குடிக்க விடுங்கள், மேல்பரப்பு லேசாகக் காயும்வரை அடுத்த முறை கொடுக்க வேண்டாம். நாற்று மண்ணுக்கு மேலே வளைந்து எழுந்ததுமே மூடியை எடுத்துவிடுங்கள். இதில்தான் நீங்கள் சறுக்கியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். "ஈரம் காயக் கூடாதென்று மூடியே வைத்தேன்" என்கிறீர்கள். முளைக்கும்வரை தேவைப்பட்ட அந்தப் புழுக்கமே முளைத்தபின் எமன். காற்றோட்டமும் அன்று முதலே நல்ல வெளிச்சமும் வேண்டும். வெளிச்சம் போதாத நாற்று தண்டை இழுத்து இழுத்து ஒல்லியாக்கிக்கொள்ளும், அந்த ஒல்லித் தண்டு பூசணத்துக்குச் சுலபம். உரம் இப்போது எதுவும் வேண்டாம். விதையிலைகளுக்குள்ளேயே கட்டுச்சோறு இருக்கிறது. இரண்டாவது ஜோடி, அதாவது மிளகாய் இலை போலவே இருக்கும் உண்மை இலை, விரிந்தபின் பார்த்துக்கொள்ளலாம்.

சரி, மருந்து. நீங்கள் கேட்டது இதைத்தான், நான் கடைசிக்குத் தள்ளிவிட்டேன். பொட்டாசியம் நைட்ரேட்டை லிட்டருக்கு 2 கிராம் கரைத்து அதில் தாளை நனைப்பது, உறக்கம் கலையாத, அதாவது உயிர் இருந்தும் முளைக்க மறுக்கும், புது மிளகாய் விதைகளுக்குப் பரிசோதனைக் கூடத்தில் நாங்களே செய்வது. பலன் உண்டு. ஆனால் உறக்கம் உள்ள விதைக்கு மட்டும். செத்ததை எழுப்பாது. ஜிப்ரலிக் அமிலம் என்ற தாவர ஹார்மோன் முளைப்பை முந்த வைக்கும், ஆனால் அளவு கொஞ்சம் கூடினாலும் நாற்று வெளிறிக் கொடி போல நீளும். ஐந்து விதைக்காக நான் தொட மாட்டேன். ஹைட்ரஜன் பெராக்சைடு விதையின் மேல்பரப்பைச் சுத்தம் செய்யும் என்பது சரி. முளைப்பைக் கூட்டும் என்று சொல்வதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. டிரைக்கோடெர்மா என்ற நல்ல பூசணத்தை ஊடகத்தில் கலப்பது நாற்றழுகலைக் குறைக்கும், ஆனால் மூடிய புழுக்கத்துக்கு அது ஈடாகாது. பட்டைத்தூள் தூவுவது, கற்றாழைச் சாற்றில் ஊறவைப்பது எல்லாம் செய்து திருப்தி அடைந்தவர்கள் இருக்கிறார்கள். அவற்றைச் செய்யாமல் விட்ட விதைகளையும் பக்கத்தில் வைத்து எண்ணிப் பார்த்தவர்களை நான் அதிகம் சந்தித்ததில்லை.

விதையின் வயதையும் நீங்கள் சொல்லவில்லை. சாதாரணமாக வைத்த மிளகாய் விதை இரண்டு மூன்று வருடம் நன்றாக இருக்கும், வெங்காய விதை ஒரு வருடம் தாண்டினாலே சந்தேகம், தக்காளி நான்கைந்து தாங்கும். ஹாரிங்டன் என்பவர் சொன்ன ஒரு கைக்கணக்கு விதைத் துறையில் எல்லோருக்கும் பாடம்: விதையின் ஈரப்பதம் ஒரு சதவீதம் குறைந்தால் ஆயுள் இரட்டிப்பாகும், வைக்கும் இடத்தின் சூடு 5 டிகிரி குறைந்தாலும் இரட்டிப்பாகும். துல்லியமான சூத்திரமல்ல, திசை காட்டும் கணக்கு. மாவிதை, பலாக்கொட்டை போல உலர்ந்தாலே செத்துப்போகும் விதைகளுக்கு இது பொருந்தவே பொருந்தாது. இன்னொரு பக்கம், அமெரிக்காவில் மிச்சிகனில் வில்லியம் பீல் என்ற தாவரவியலாளர் 1879-இல் இருபது பாட்டில்களில் களைவிதைகளைப் போட்டு மண்ணில் புதைத்தார். 2021-இல் அதில் ஒன்றைத் தோண்டியெடுத்தபோது 142 வருடம் கழித்தும் வெர்பாஸ்கம் என்ற களைச்செடி முளைத்தது. மிளகாயிடம் அதை எதிர்பார்க்காதீர்கள்.

உங்கள் இடத்தில் நானாக இருந்தால் ஐந்தையும் ஒரே நாளில் போட மாட்டேன். இரண்டை நன்கு உலர்ந்த நிலையில் காகித உறையில் இட்டு, காற்றுப் புகாத பாட்டிலில் அடைத்து ஃபிரிட்ஜில் வைப்பேன். வெளியே எடுக்கும்போது பாட்டில் அறைச் சூட்டுக்கு வரும்வரை மூடியைத் திறக்கக் கூடாது, இல்லாவிட்டால் காற்றின் ஈரம் குளிர்ந்த விதை மேலேயே படியும். மூன்றைப் போடுவேன். விதையில் பாதிதான் உயிரோடு இருக்கிறது என்று வைத்துக்கொண்டாலும், மூன்றில் ஒன்றாவது முளைக்க எட்டில் ஏழு வாய்ப்பு இருக்கிறது. ஒரே ஒரு செடி பிழைத்துப் பழம் கொடுத்தால் நூற்றுக்கணக்கில் விதை கிடைக்கும். டப்பாவின் மேல் போட்ட தேதியை எழுதி ஒட்டுங்கள், ஏனென்றால் பத்தாம் நாள் உங்களுக்கு அது இருபதாம் நாள் போலத் தோன்றும். முப்பது நாள் ஆகும்வரை ஒன்றையும் கழிக்க வேண்டாம். அதன்பிறகும் அசையாமல் கிடந்தால் குச்சியால் மெதுவாக அழுத்துங்கள். கூழாகப் பிதுங்கினால் செத்தது, கெட்டியாக இருந்தால் உறங்கிக்கொண்டிருக்கலாம், அதைப் பொட்டாசியம் நைட்ரேட் கரைசலில் நனைத்த புதிய தாளுக்கு மாற்றி இன்னும் இரண்டு வாரம் பாருங்கள். வேர் வந்ததும் வெள்ளைப் பஞ்சைக் கண்டால் எடுத்தெறிவதற்கு முன் ஸ்பிரே பாட்டிலைத் தேடுங்கள். அப்புறம் ரகத்தின் பெயரும், எந்த வருடம் எடுத்த விதை என்பதும் தெரிந்தால் கீழே எழுதுங்கள், எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்று இன்னும் நெருக்கமாகச் சொல்லிவிடலாம்.